சப்பாத்தி சாப்பிட்டு நடந்தால் மட்டும் தடிப்பு வருவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. வேலூர் பக்கம் ஊர். எட்டு மாதத்துக்கு முன் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.2 வந்தது. அன்றிலிருந்து ராத்திரியில் சோறு கிடையாது. மூன்று சப்பாத்தி, அரை மணி கழித்து வேக நடை. இதுவரை மூன்று தடவை உடம்பு கெட்டது. முதல் தடவை நடக்கும்போதே உள்ளங்கை அரித்தது. வீடு வந்து சேர்வதற்குள் உடம்பெல்லாம் தட்டுத் தட்டாகத் தடிப்பு. செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. இரண்டாவது தடவை திருவண்ணாமலை கிரிவலத்தில். முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆறேழு கிலோமீட்டர் நடந்ததும் உதடு வீங்கி, வயிற்றைப் பிசைந்து, கண் இருட்டிவிட்டது. முதலுதவி முகாமில் ஊசி போட்டார்கள். அன்று நான் கோதுமையே சாப்பிடவில்லை. ஓட்டலில் ரவா கிச்சடியும் கேசரியும்தான். மூன்றாவது, போன மாதம். பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். தடிப்போடு தொண்டையும் அடைத்தது. மழையால் நடக்கப் போகாத நாட்களில் அதே சப்பாத்தி ஒன்றும் செய்வதில்லை. வியர்வை அலர்ஜி என்கிறார்கள். இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று ஒன்று செய்தேன். அரிசி, பால், வாழைப்பழம், கோதுமை என 37 உணவு ஆகாது என்று வந்திருக்கிறது. எதைத்தான் சாப்பிடுவது? என் 16 வயது மகளுக்கும் சப்பாத்தி ஆரம்பித்ததிலிருந்து வயிறு உப்புசம், அடிக்கடி பேதி, சோர்வு. ஹீமோகுளோபின் 9. அவளுக்கும் இதே அலர்ஜியா? வீட்டுக்கே கோதுமையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திருத்தினால் புதிர் பாதி அவிழ்ந்துவிடும். கிரிவலத்தன்று நீங்கள் கோதுமை சாப்பிட்டிருக்கிறீர்கள். ரவை கோதுமைதான். மைதா, சேமியா, சம்பா ரவை எல்லாமே கோதுமைதான். நம் வீடுகளில் கோதுமை என்றால் சப்பாத்தி மாவு என்று மட்டும் மனத்தில் பதிந்திருப்பதால், ஒவ்வாமை விசாரிக்கும்போது இந்த இடத்தில்தான் தடம் தவறுகிறது. ஆக, மூன்று தடவையும் கோதுமை. மூன்று தடவையும் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் உடல் உழைப்பு. நடக்காத நாளில் ஒன்றுமில்லை.

இந்த அமைப்புக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: கோதுமை சார்ந்த, உழைப்பால் தூண்டப்படும் அனஃபிலாக்சிஸ். அனஃபிலாக்சிஸ் என்பது உடல் முழுவதையும் தாக்கும், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. பெரும்பாலும் பெரியவர்களுக்கு, அதுவரை வருடக்கணக்கில் கோதுமை சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்களுக்கு வரும். நேரில் பார்க்காமல் இதுதான் என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உதடு வீக்கம், வயிற்றுப் பிசைவு, கண் இருட்டல், தொண்டை அடைப்பு என்று வந்த பிறகு இதைத் தோல் வியாதியாக நினைத்திருப்பது ஆபத்து.

உள்ளே நடப்பது இது. கோதுமைப் புரதங்களில் ஒமேகா-5 கிளியாடின் என்று ஒன்று. அதற்கு எதிராக உங்கள் உடலில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது குடல் அந்தப் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே உள்ளே விடுகிறது, உடல் தாங்கிக்கொள்கிறது. வேகமாக நடக்கும்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, குடல் சுவரின் இறுக்கம் தளர்ந்து, அரைகுறையாகச் செரித்த புரதம் கூடுதலாக ரத்தத்தில் கலக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் இதே கதவைத் திறந்துவிடும். மதுவும் அப்படியே. காய்ச்சல், தூக்கமின்மை, பெண்களுக்கு மாதவிடாய் நாட்கள் ஆகியவையும் சிலருக்குச் சேர்ந்துகொள்ளும். கிரிவலத்தன்று உங்களுக்கு ரவை, வலி மாத்திரை, நீண்ட நடை மூன்றும் ஒரே நேரத்தில் கூடின. மூன்றில் மிக மோசமான தாக்குதல் அன்று வந்ததில் வியப்பில்லை. அளவும் முக்கியம்: ஒரு சப்பாத்தியில் 25 முதல் 30 கிராம் மாவு. மூன்று சாப்பிட்டால் 90 கிராம் வரை போகிறது. ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு நடந்த நாளில் ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தால் அதற்கும் இதுவே காரணம்.

வியர்வை அலர்ஜி என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. அப்படியும் ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் தடிப்பு குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னதாக, சுற்றிலும் சிவந்து வரும். வெந்நீரில் குளித்தாலும், காரம் சாப்பிட்டு வியர்த்தாலும் வரும். என்ன சாப்பிட்டோம் என்பது அதற்குப் பொருட்டில்லை. நீங்கள் எழுதியிருப்பது தட்டுத் தட்டான பெரிய தடிப்பு. இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. ஈரமான வெயில் ஊர்களில், பிரித்து நாளான மாவுப் பொட்டலத்தில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பெருகும். அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டுச் சிலருக்கு இதே மாதிரி தாக்குதல் வருவதுண்டு, சுட்டாலும் போகாது. ஆனால் உங்களுக்கு வீட்டு மாவு, ஓட்டல் ரவை, கடைப் பரோட்டா என்று மூன்று வெவ்வேறு இடம் என்பதால் அந்த வாய்ப்பு குறைவு. எதற்கும் வீட்டில் யார் பயன்படுத்தினாலும் பிரித்த மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

அந்த 37 உணவுப் பட்டியலை மடித்து ஓரமாக வைத்துவிடலாம். அப்படி மொத்தமாகச் செய்யும் பரிசோதனைகள் பெரும்பாலும் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளை அளப்பவை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிடுகிறவர் உடலில் அதற்கான ஐஜிஜி இருப்பது இயல்பு. அதற்கு ஒவ்வாமை என்று பொருளில்லை. தினம் சாப்பிடும் அரிசியும் பாலும் வாழைப்பழமும் உங்கள் பட்டியலில் வந்ததன் ரகசியம் அதுதான். கோதுமையும் அதில் இருப்பதால் சரியாகத்தானே சொல்லியிருக்கிறது என்று தோன்றும். நின்றுபோன கடிகாரமும் நாளுக்கு இரண்டு முறை சரியான நேரம் காட்டும்.

உங்களுக்கு வேண்டியது ஐஜிஇ பரிசோதனை. அதிலும் வெறும் ‘கோதுமை ஐஜிஇ’ போதாது. ஒமேகா-5 கிளியாடின் தண்ணீரிலும் உப்புக் கரைசலிலும் சரியாகக் கரையாத புரதம். சாதாரணத் தோல் பரிசோதனைத் திரவத்தில் அது குறைவாகத்தான் இருக்கும். அதனால் கோதுமைக்கு ‘இல்லை’ என்று வந்து, ஒமேகா-5 கிளியாடினுக்குத் தனியாகப் பார்த்தால் ‘உண்டு’ என்று வருபவர்கள் இருக்கிறார்கள். இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தலைகீழாகவும் நடக்கும்: புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவருக்குக் கோதுமை ஐஜிஇ ‘உண்டு’ என்று வரும்; தட்டு நிறையச் சப்பாத்தி சாப்பிட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. எனவே பரிசோதனைத் தாளை உங்கள் மூன்று சம்பவங்களோடு வைத்துப் படிக்கும் மருத்துவர் தேவை. தோல் பரிசோதனை என்றால் செட்ரிசின் வகை மாத்திரைகளை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவமனையில் கோதுமை கொடுத்து, நடை இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இதை ஒருபோதும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்முன் ஒரு தாளில் மூன்று சம்பவங்களையும் எழுதுங்கள். சாப்பிட்ட மணி, சாப்பிட்டது என்ன, எத்தனை. நடக்கத் தொடங்கிய மணி. முதல் அரிப்பு வந்த மணி. அன்று போட்ட மாத்திரைகள். ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதில் எந்தக் கருவியைவிடவும் பயன்படுவது இந்த நேரக் கணக்கு. தடிப்பு வந்தால் புகைப்படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் நேரத்துக்குள் அது மறைந்திருக்கும். முகாமில் சீட்டு கொடுத்திருந்தால், போட்ட ஊசி எது என்பதும் அதில் தெரியும்.

முடிவு தெரியும்வரை நீங்கள் கோதுமையை இன்றே, முழுவதுமாக நிறுத்துங்கள். நீங்கள் நிறுத்துவதால் ஐஜிஇ பரிசோதனை கெட்டுப்போகாது. இந்த நோய் உறுதியானவர்களில் சிலருக்கு, கோதுமை சாப்பிட்ட 4 முதல் 6 மணி நேரம் உழைப்பு வேண்டாம், உழைத்து முடித்த ஒரு மணிக்குள் கோதுமை வேண்டாம், கோதுமை சாப்பிட்ட நாளில் வலி மாத்திரை வேண்டாம் என்ற கட்டுப்பாட்டோடு கோதுமையை அனுமதிப்பதுண்டு. தாளில் எளிதாகத் தெரியும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம் என்று யாரும் நான்கு மணி நேரம் முன்பே திட்டமிடுவதில்லை. கண் இருட்டும் அளவுக்கும் தொண்டை அடைக்கும் அளவுக்கும் போன உங்களுக்கு அந்தச் சலுகையைவிட முழுவிலக்கு பாதுகாப்பு. முட்டிவலிக்குப் பாராசிட்டமால் பொதுவாக ஒத்துவரும். மற்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்தத் தாக்குதலுக்குப் போடும் அட்ரினலின் ஊசி சரியாக வேலை செய்யாமல் போக அவை காரணமாகலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

நடையை விட வேண்டாம். பரிசோதனை முடியும்வரை ராத்திரி சாப்பாட்டுக்கு முன் நடங்கள், துணையோடு. உள்ளங்கையோ பாதமோ தலையோ அரிக்கத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். வீடு பக்கம்தானே, போய்விடலாம் என்று நடப்பதுதான் தடிப்பை மயக்கமாக்குகிறது.

மீண்டும் தாக்குதல் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்மல், தொண்டை இறுக்கம், விடாத வாந்தி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனஃபிலாக்சிஸ். உடனே 108. தரையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் கால் நீட்டி உட்காரலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். எழுப்பி நிற்கவைத்து நடத்திக் கொண்டுபோவது மிகப் பெரிய தவறு. ரத்த அழுத்தம் சரிந்திருக்கும் நேரத்தில் எழுந்து நின்றாலே இதயம் நின்றுபோகலாம். மருந்து அட்ரினலின் ஒன்றுதான். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் (சின்னக் கண்ணாடிக் குப்பி) அரை மில்லிலிட்டர், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. செட்ரிசின் அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காக்காது. முதல் தடவை அது ‘வேலை செய்தது’ என்பதால் அதையே நம்பிவிடாதீர்கள். அன்று தாக்குதல் லேசானது, அவ்வளவுதான்.

அளவு நிரப்பியே வரும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் சிரிஞ்சும் வைத்துக்கொள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்தால், செவிலியர் முன் உங்கள் மனைவியும் நீங்களும் இரண்டு மூன்று தடவை நிரப்பிப் பழகுங்கள். வீட்டில் கிடக்கும் இன்சுலின் சிரிஞ்சை இதற்கு எடுக்காதீர்கள்: அதில் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும், ஊசி குட்டையானதால் மருந்து தசையை எட்டாது. வெயில் படும் வண்டிப் பெட்டியில் ஆம்பூலை வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் தேறியதும் கிளம்பவும் கூடாது. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடி வரும். அங்கே ரத்தத்தில் டிரிப்டேஸ் (வந்தது அனஃபிலாக்சிஸ்தானா என்று காட்டும் பொருள்) பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தாக்குதல் தொடங்கிய நான்கு மணிக்குள் எடுத்தால்தான் அதற்குப் பயன்.

இனி சாப்பாடு. கோதுமை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் மூன்று பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வோம்: மைதா, ரவை, சேமியா. பரோட்டா, பூரி, நான், பன், ரஸ்க், பப்ஸ், சமோசா, கேக், நூடுல்ஸ், பாஸ்தா, உப்புமா, கிச்சடி, கேசரி, ரவா தோசை, சேமியா பாயசம் எல்லாம் இந்த மூன்றில் அடங்கிவிடும். இனிப்புக் கடையில் கொஞ்சம் கவனம் வேண்டும். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. மஸ்கோத் அல்வா மைதாப் பாலும் தேங்காய்ப் பாலும். ஜிலேபி மைதா, ஜாங்கிரி உளுந்து. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். குலாப் ஜாமூன், பாதுஷா, சோன்பப்டியில் மைதா உண்டு. மைசூர்பாகு கடலைமாவு, அதிரசம் பச்சரிசி. சம்பா கோதுமை, காப்ளி கோதுமை என்று பழைய ரகங்களை ‘ஒவ்வாமை தராதது’ என்று விற்கிறார்கள். அவையும் கோதுமைதான், உங்களுக்கு ஆகாது.

பார்த்தால் தெரியாத இடங்கள் வேறு. கட்டியோ தூளோ, கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கலவை. கோந்தோடு கோதுமை மாவோ அரிசி மாவோ சேர்ந்திருக்கும். பொட்டலத்தின் பின்புறம் படித்து, அரிசி மாவு சேர்த்ததை வாங்குங்கள். சாம்பாரில் போடும் சிட்டிகையால் உங்கள் வகை ஒவ்வாமையில் தாக்குதல் வருவது அரிது. ஆனால் துளி பட்டாலே தடிக்கும் குழந்தைகளுக்கும், கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதமே ஆகாத சீலியாக் நோயாளிகளுக்கும் அதுவும் கணக்கில் வரும். சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைப்பது. மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் உண்டு. சத்துமாவுகளிலும் வழக்கமாகக் கோதுமை இருக்கும். பார்லியின் புரதம் கோதுமையின் உறவுக்காரன். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பார்லிக் கஞ்சி வேண்டாம். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமை ஓடிய ஆலையிலேயே அரைபடுகிறது, அதுவும் அப்படியே.

பொட்டலத்தில் வரும் உணவில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. குளூட்டன் உள்ள தானியங்கள் அந்தப் பட்டியலில் முதலில் வருபவை. ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சிக்கல்: வெளிநாட்டுப் பொருள்கள் சிலவற்றில் குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் இருக்கும். சீலியாக் நோயாளிக்கு அது சரி. கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்குச் சரியில்லாமல் போகலாம். முன்பக்க எழுத்தைப் பார்க்காமல் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ‘குளூட்டன் இல்லாத அரிசி’ என்று கூடுதல் விலைக்கு விற்பதை வாங்க வேண்டாம். எந்த அரிசியிலும் கிடையாது.

ஓட்டலில் “கோதுமை இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், நீங்களும் அப்படித்தானே எழுதியிருந்தீர்கள். “மைதாவோ ரவையோ சேர்த்திருக்கா?” என்று கேளுங்கள். மொறுமொறுப்புக்காகத் தோசை மாவில் ரவையும், பஜ்ஜி மாவிலும் காலிஃபிளவர் சில்லியிலும் மைதாவும், கட்லெட்டில் ரொட்டித் தூளும், மீன் வறுவல் மேல் ரவையும், சூப்பும் குருமாவும் கெட்டிப்பட மைதாவும் சேர்ப்பதுண்டு. பரோட்டா போட்ட கல்லில் தோசை ஊற்றுகிற கடையாக இருந்தால் இட்லி, இடியாப்பம், பொங்கல், சோறு என்று ஆவியிலும் பானையிலும் வெந்ததைக் கேளுங்கள். இடியாப்பம் வெள்ளை அரிசியில் செய்ததுதானா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். கோதுமை இடியாப்பமும் வந்துவிட்டது. மாவு மில்லிலும் இதே கதை. முந்தின ஆள் கோதுமை அரைத்த கல்லில் உங்கள் கேழ்வரகை அரைத்தால் முதல் அரைக் கிலோவில் கோதுமை கலந்துதான் வரும். மில் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள், அல்லது அரிசி அரைத்தவருக்கு அடுத்துக் கொடுங்கள்.

சாப்பாடு தவிர ஒன்றே ஒன்று. ஜப்பானில் கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தோல் வழியாகக் கோதுமை ஒவ்வாமை உண்டாகி, 2011-இல் அந்தச் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. சோப்பு, ஷாம்பூ சேர்மானத்தில் ‘கோதுமைப் புரதம்’ என்று கண்டால் மாற்றிவிடுங்கள்.

சர்க்கரைக்காகத்தான் சப்பாத்திக்கு மாறினீர்கள், அதை விட்டால் என்ன செய்வது என்பது உங்கள் உண்மையான கவலையாக இருக்கும். இரண்டு சப்பாத்தியில் ஏறக்குறைய 42 கிராம் மாவுச்சத்து. ஒரு கப் சோற்றில், அதாவது 150 கிராமில், அதே அளவுதான். சப்பாத்தியின் நன்மையில் பெரும்பகுதி, நாம் அதை எண்ணிச் சாப்பிடுகிறோம், சோற்றை எண்ணுவதில்லை என்பதில் இருக்கிறது. ஆகவே எதைச் சாப்பிட்டாலும் தானியம் பச்சையாக 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமை, வரகு, தினை, குதிரைவாலி, கம்பு, சோளம், கேழ்வரகு எதிலும் கோதுமைப் புரதம் இல்லை. ஆனால் மாவுச்சத்து அரிசிக்கும் கோதுமைக்கும் கிட்டத்தட்ட சமம். சிறுதானியம் என்பதற்காக அளவு கூடினால் சர்க்கரையும் கூடும். அதிலும் கூழாகக் கரைத்துக் குடித்தால் அடையாகக் கடித்துச் சாப்பிடுவதைவிட வேகமாக ஏறும்.

ராத்திரிக்கு மிகப் பொருத்தம் பருப்பு கூடிய பலகாரங்கள். அரிசி ஒரு கப், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்து இரண்டு மேசைக்கரண்டி ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்த அடை இரண்டு, கூடவே ஒரு கிண்ணம் கீரை. பச்சைப்பயறு தோசையும் அப்படியே. உப்புமா வேண்டுமென்றால் ரவைக்குப் பதில் சாமை: ஒரு கப்பைக் கழுவி இருபது நிமிடம் ஊறவைத்து வடித்து, தாளித்ததில் புரட்டி, இரண்டு கப் கொதிநீர் விட்டு மூடிச் சிறுதீயில் வையுங்கள். இல்லையேல் நம் பழைய அரிசி உப்புமா இருக்கவே இருக்கிறது.

சப்பாத்தி மாதிரியே வேண்டும் என்றால் வெள்ளைச் சோள ரொட்டி. கோதுமை மாவு இழுபடுவது குளூட்டனால்தான். சோள மாவில் அது இல்லாததால், பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விண்டுபோகும். கொதிநீரால் மாவுச்சத்தைப் பாதி வேகவைத்து ஒட்ட வைக்க வேண்டும். ஒரு கப் தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவெனக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, ஒரு கப் மாவைக் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, வாழை இலையில் தட்டிச் சூடான கல்லில் போடுங்கள். மேலே ஈரக் கையால் தண்ணீர் தடவி, அது உலர்ந்ததும் திருப்புங்கள். ஓரம் வெடித்தால் மாவு ஆறிவிட்டது அல்லது தண்ணீர் பத்தவில்லை. பிசைந்து வைத்துவிட்டு ராத்திரி சுடலாம் என்றால் வராது. கடையில் ‘சோள மாவு’ என்று கேட்டால் வெள்ளையான மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கொடுத்துவிடுவார்கள். அதில் ரொட்டி தட்ட முடியாது. வறுவலுக்கு மேல்மாவாக அதையும் அரிசி மாவையும் சமமாகக் கலக்கலாம். குருமா கெட்டிப்படப் பொட்டுக்கடலையும் தேங்காயும் போதும்.

பச்சைக் குழந்தைப் பருவத்தில் வரும் கோதுமை ஒவ்வாமை பெரும்பாலும் பதின்ம வயதுக்குள் விலகிவிடும். பெரியவர்களுக்கு உங்களைப் போல வருவது பொதுவாக நீடிக்கும். அதனால் இதைப் பத்தியமாக நினைக்காமல், வீட்டுச் சமையலையே இப்படி மாற்றிக்கொள்வது எளிது.

மகள் விஷயம் முற்றிலும் வேறு. சாப்பிட்ட இரண்டு மணிக்குள் தடிப்பு, வீக்கம் எதுவும் அவளுக்கு இல்லை. வாரக்கணக்கில் உப்புசமும் பேதியும் ரத்தக்குறைவும். இது உங்கள் ஒவ்வாமை அல்ல. சீலியாக் நோயா என்று பார்க்க வேண்டும். குளூட்டனால் உடல் தன் சிறுகுடலையே தாக்கும் நோய் அது. வடஇந்தியாவைவிடத் தமிழ்நாட்டில் வெகு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதற்கான ரத்தப் பரிசோதனை டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைப் பார்ப்பது, கூடவே மொத்த ஐஜிஏ. உங்களுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, அவள் இந்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வந்துவிடும். பிறகு ஆறு முதல் எட்டு வாரம் தினம் கோதுமை கொடுத்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ‘உண்டு’ என்று வந்தால் எண்டோஸ்கோபியில் சிறுகுடல் திசு எடுத்து உறுதிசெய்வார்கள். அதன் பிறகு ஆயுள் முழுக்க, பெருங்காயம் முதல் பார்லிவரை, கறாரான விலக்கு. ‘இல்லை’ என்று வந்தால், கோதுமையிலும் வெங்காயம் பூண்டிலும் உள்ள ஃபிரக்டான் என்ற நார்ச்சர்க்கரை குடலில் புளித்து வாயுவாவது காரணமாக இருக்கலாம். மூன்று சப்பாத்திக்குப் பதில் ஒன்று கொடுத்து, வெங்காயக் குருமாவைக் குறைத்தாலே தெரிந்துவிடும். ஹீமோகுளோபின் 9-க்கு மாதவிடாய் இழப்பு, இரும்புச்சத்துக் குறைவு, குடற்புழு என்று காரணங்கள் பல. அதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

எனவே வீட்டுக்கே நிறுத்த வேண்டாம். மாவைத் தொடுவதாலோ பக்கத்தில் சப்பாத்தி சுடுவதாலோ உங்கள் வகை ஒவ்வாமையில் பொதுவாக ஒன்றும் ஆகாது. உங்களுக்குத் தனித் தோசைக்கல், தனி டப்பா போதும். பரிசோதனை முடியும்வரை மகளுக்குத் தினம் இரண்டு சப்பாத்தி தொடரட்டும். அவள் தட்டில் மீந்ததை வீணாக்கக் கூடாதென்று நீங்கள் எடுத்துச் சாப்பிடாதீர்கள்.